ஜெனரேட்டர் கரன்டை எங்கிருந்து எடுக்கிறது? வட சென்னை வீடு, கடை, பட்டறைக்கான கேள்வி பதில்கள்

அத்திப்பட்டில் சுற்றும் 800 மெகாவாட் இயந்திரமும் தண்டையார்பேட்டைக் கடை வாசலில் நிற்கும் 2 கேவிஏ பெட்டியும் செய்வது ஒரே வேலைதான். அந்த வேலை என்ன என்பது பிடிபட்டுவிட்டால், டீசல் ஏன் இவ்வளவு குடிக்கிறது, மோட்டார் போட்டால் விளக்கு ஏன் மங்குகிறது, இன்ஜின் ஓடியும் கரன்ட் ஏன் வரவில்லை என்பதற்கெல்லாம் விடை அதிலிருந்தே கிடைக்கும். அதனால் முதல் சில கேள்விகளைத் தாண்டிப் போகாமல் படிக்கச் சொல்கிறோம்.

ஜெனரேட்டர் மின்சாரத்தை உண்டாக்குகிறதா?

இல்லை, மாற்றித் தருகிறது. தெருமுனை அடிபம்பை நினைத்துக்கொள்ளுங்கள். பம்பு தண்ணீரை உண்டாக்குவதில்லை. கை அடிக்கிற பலத்தை வாங்கி, கீழே கிடக்கும் தண்ணீரை மேலே தள்ளுகிறது. செம்புக் கம்பிக்குள் எலக்ட்ரான்கள் எப்போதும் இருக்கின்றன. அவற்றைத் தள்ளுவதற்கான பலம் சுற்றும் அச்சிலிருந்து வருகிறது. அச்சைச் சுற்றுவது டீசல் இன்ஜினாக இருக்கலாம், நீராவியாக இருக்கலாம், காற்றாக இருக்கலாம், அணையிலிருந்து விழும் தண்ணீராகவும் இருக்கலாம். ஜெனரேட்டருக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

காந்தம் சுற்றினால் கம்பியில் கரன்ட் எப்படி வருகிறது?

கம்பிச் சுருளின் வழியே போகும் காந்தப்புலம் மாறும்போதெல்லாம் அந்தச் சுருளில் வோல்டேஜ் தூண்டப்படும். 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்தது இதைத்தான். காந்தம் எவ்வளவு வலுவானதாக இருந்தாலும், சும்மா நின்றால் ஒன்றும் வராது. புலம் மாற வேண்டும். வேகமாக மாறினால் வோல்டேஜ் கூடும், சுருளில் சுற்றுகள் அதிகமானாலும் கூடும்.

காந்தத்தின் வடமுனை சுருளைக் கடக்கும்போது எலக்ட்ரான்கள் ஒரு பக்கம் தள்ளப்படுகின்றன, தென்முனை கடக்கும்போது மறுபக்கம். அதனால்தான் ஏசி, அதாவது திசை மாறி மாறி ஓடும் கரன்ட், பிறக்கிறது. ஒரே திசையில் ஓடுவது டிசி. நம் வீட்டுக்கு வரும் 230 வோல்ட் என்பது ஒரு வகைச் சராசரிக் கணக்கு. உண்மையில் அது ஒரு பக்கம் 325 வோல்ட் வரை ஏறி, பூஜ்யத்துக்கு இறங்கி, மறுபக்கம் 325 வரை போய்த் திரும்புகிறது. இப்படி ஒரு செகண்டுக்கு 50 முறை.

காந்தம்தான் கரன்ட் தருகிறது என்றால், காந்தம் ஒருநாள் தீர்ந்துபோகாதா?

தீராது. ஏனென்றால் ஆற்றலைத் தருவது காந்தம் இல்லை. அது நடுவில் நிற்கும் தரகர் மாதிரி, ஒரு கையில் வாங்கி மறு கையில் கொடுக்கிறது.

இதைக் கையாலேயே உணர்ந்து பார்க்கலாம். ரிச்சி தெருவில் கியர் வைத்த சின்ன டிசி மோட்டார் ஒன்று, சக்கரத்தோடு வாங்குங்கள். அதன் இரண்டு ஒயர்களையும் தனித்தனியே விட்டுவிட்டுச் சக்கரத்தை விரலால் சுற்றுங்கள், சுலபமாகச் சுற்றும். இப்போது ஒயர்களின் முனைகளை ஒன்றோடொன்று முறுக்கிவிட்டு மறுபடி சுற்றுங்கள். யாரோ உள்ளிருந்து பிடித்து இழுப்பது போல இறுகும். ஒயரைப் பிரித்தால் அந்த இறுக்கம் உடனே போய்விடும்.

நீங்கள் சுற்றும்போது மோட்டார் ஜெனரேட்டராக வேலை செய்கிறது. ஒயர்கள் சேர்ந்ததும் கரன்ட் ஓடுகிறது. ஓடும் கரன்ட் தானே ஒரு காந்தமாகி, சுற்றுகிற அச்சை எதிர்த்துப் பிடிக்கிறது. இது லென்ஸ் விதி. அந்தப் பிடியை மீறிச் சுற்ற விரல் செலவழிக்கும் பலம்தான் கரன்டாக வெளியே வருகிறது. சைக்கிள் டைனமோவை டயரில் சாய்த்ததும் பெடல் கனக்கும், நினைவிருக்கிறதா? அதில் கொஞ்சம் உராய்வு, மிச்சம் இந்தப் பிடி.

ஆகவே லோடு ஏற ஏற அச்சு கனக்கும். அச்சு கனக்கக் கனக்க இன்ஜினுக்கு எரிபொருள் கூடுதலாக வேண்டும். இந்தப் பக்கத்தில் இனி வரும் எல்லாமே இதன் பிள்ளைகள்தான்.

மோட்டாரால் ஜெனரேட்டரைச் சுற்றி, அதே கரன்டால் மோட்டாரை ஓட்டினால்? வீடியோக்களில் ஓடுகிறதே?

ஓடாது. நல்ல மோட்டார் 100 பங்கு வாங்கி 85 பங்கைத்தான் சுழற்சியாகத் தரும். ஜெனரேட்டர் அந்த 85-இல் 85 சதவீதம் தந்தால் திரும்பி வருவது 72. அடுத்த சுற்றில் 52. சில நொடிகளில் நின்றுபோகும். வீடியோவில் நிற்காமல் ஓடினால், மேசைக்கு அடியில் ஒரு ஒயரோ பேட்டரியோ இருக்கிறது என்று பொருள். ‘இலவச மின்சார இயந்திரம்’ என்று விற்பவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.

அத்திப்பட்டு பவர் ஹவுஸில் நிலக்கரி எப்படிக் கரன்டாகிறது?

வட சென்னை அனல் மின் நிலையத்தின் முதல் கட்டத்தில் 210 மெகாவாட் யூனிட்கள் மூன்று. 1990-களில் ஓடத் தொடங்கியவை. இரண்டாம் கட்டத்தில் 600 மெகாவாட் இரண்டு, மூன்றாம் கட்டத்தில் 800 மெகாவாட் ஒன்று. பக்கத்திலேயே வல்லூரில் 500 மெகாவாட் மூன்று. பழைய எண்ணூர் நிலையம் 450 மெகாவாட். அது 2017-இல் மூடப்பட்டது. இவற்றில் ஒரு 210 மெகாவாட் யூனிட்டை மட்டும் எடுத்துப் பார்ப்போம்.

ஒடிசாவிலிருந்து கப்பலில் வரும் நிலக்கரி, காமராஜர் துறைமுகத்தில் இறங்கி கன்வேயர் பெல்ட்டில் வந்து சேர்கிறது. அரைவை ஆலையில் அதை முகப்பவுடர் போல அரைத்துக் காற்றோடு ஊதி எரிக்கிறார்கள். கொதிகலனில் சுமார் 540 டிகிரி செல்சியஸ் சூட்டில், நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தைப் போல 150 மடங்கு வரையிலான அழுத்தத்தில் நீராவி உருவாகிறது. அது டர்பைனின் இறக்கைகளில் பாய்ந்து அச்சை நிமிடத்துக்கு 3,000 முறை சுற்றுகிறது. அதே அச்சின் மறுமுனையில்தான் ஜெனரேட்டரின் சுற்றும் பகுதியான ரோட்டர் இருக்கிறது.

ரோட்டரில் இருப்பது நிரந்தரக் காந்தம் இல்லை. செம்புச் சுருளுக்கு 2,000 ஆம்பியருக்கு மேல் டிசி கொடுத்து அதை மின்காந்தமாக்குகிறார்கள். அந்த டிசியைக் கூட்டிக் குறைத்துத்தான் வோல்டேஜைக் கட்டுக்குள் வைப்பது. வெளியே அசையாமல் நிற்கும் ஸ்டேட்டரில் மூன்று ஃபேஸ் சுருள்கள். அதிலிருந்து 15,750 வோல்டில் கரன்ட் வருகிறது, ஒவ்வொரு ஃபேஸிலும் ஏறக்குறைய 9,000 ஆம்பியர். அதை அப்படியே கம்பியில் அனுப்பினால் கம்பி சூடாகியே பெரும்பங்கு வீணாகும். ஆகவே டிரான்ஸ்ஃபார்மரில் 2,30,000 வோல்டாக ஏற்றுகிறார்கள், ஆம்பியர் 620 அளவுக்கு இறங்குகிறது. கம்பியில் ஏற்படும் சூடு ஆம்பியரின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆம்பியர் 15-இல் ஒரு பங்கானால் வீணாவது 200-இல் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும்.

ஒரு யூனிட் கரன்டுக்கு எவ்வளவு நிலக்கரி? மிச்ச ஆற்றல் எங்கே போகிறது?

நம் நாட்டு நிலக்கரியில் சாம்பல் அதிகம். ஒரு யூனிட்டுக்கு 650 முதல் 700 கிராம் வரை எரிய வேண்டும். 210 மெகாவாட் இயந்திரம் ஒன்று 24 மணி நேரம் முழு லோடில் ஓடினால் 50.4 லட்சம் யூனிட். அதற்கு ஏறக்குறைய 3,500 டன் நிலக்கரி.

இந்த இடத்தில் பலர் ஜெனரேட்டரைக் குறை சொல்கிறார்கள், அது நியாயமில்லை. அச்சிலிருந்து வாங்குவதில் 98 சதவீதத்துக்கு மேல் கரன்டாகத் தருவது பெரிய ஜெனரேட்டர். இழப்பு அதற்கு முன்னாலேயே நடந்துவிடுகிறது. வெப்பத்தைச் சுழற்சியாக மாற்றும்போது, டர்பைனை விட்டு வெளியேறும் நீராவியை மறுபடி தண்ணீராக்கியே தீர வேண்டும். அப்போது வெளியேறும் வெப்பம் எரித்ததில் ஏறக்குறைய பாதி. புகைபோக்கி வழியாகவும் கொஞ்சம் போகும். கடைசியில் நூறில் 35 பங்கை ஒட்டித்தான் கரன்டாகிறது. அதிலும் ஏழெட்டு சதவீதத்தை நிலையத்தின் பம்புகளும் மின்விசிறிகளும் நிலக்கரி அரைக்கும் ஆலைகளுமே சாப்பிட்டுவிடும்.

அனல் மின் நிலையங்கள் கடலோரத்தைத் தேடி வருவதற்கு அந்தப் பாதி வெப்பமும் ஒரு காரணம். அதைச் சுமந்து போகக் கடல்நீர் வேண்டும். சூடேறிய நீர், சாம்பல் குழம்பு இரண்டாலும் கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தில் இறாலும் நண்டும் குறைந்துவிட்டன என்று அங்குள்ள மீனவர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். ஒரு யூனிட்டின் விலையில் அந்தக் கணக்கும் சேர வேண்டும் என்பதே எங்கள் கருத்து.

பெரிய ஜெனரேட்டருக்குள் ஹைட்ரஜன் நிரப்புவார்களாமே, வெடிக்காதா?

210, 500 மெகாவாட் இயந்திரங்களில் ரோட்டர் சுற்றுவது ஹைட்ரஜனுக்குள்தான். காற்றைவிட 14 மடங்கு லேசானது, அதனால் ரோட்டருக்கு உரசல் குறைவு. வெப்பத்தையும் காற்றைவிட ஏழு மடங்கு நன்றாகக் கடத்தும். காற்றோடு கலந்து 4 முதல் 75 சதவீதம் வரை ஹைட்ரஜன் இருந்தால்தான் அந்தக் கலவை வெடிக்கும். உள்ளே 97 சதவீதத்துக்கு மேல் வைத்திருப்பதால் எரிவதற்கு ஆக்சிஜன் போதாது. நிரப்பும்போதும் காலி செய்யும்போதும் இடையில் கார்பன் டை ஆக்சைடை விட்டுத் துரத்துவார்கள். ஹைட்ரஜனும் காற்றும் நேருக்கு நேர் சந்திக்கவே கூடாது. அச்சு வெளியே வரும் இடத்தில் எண்ணெய் அழுத்தத்தால் அடைப்பு போட்டிருக்கும். கவலைப்பட வேண்டிய இடம் அந்த அடைப்புதான்.

பேசின் பிரிட்ஜ் நிலையமும் இதேதானா?

அங்கே இருப்பது 30 மெகாவாட் கேஸ் டர்பைன்கள் நான்கு. கொதிகலன் இல்லை, எரியும் வாயுவே நேரடியாக இறக்கைகளைச் சுற்றும். சீக்கிரம் கிளப்பலாம், ஆனால் எரிபொருள் செலவு அதிகம். தேவை உச்சத்துக்குப் போகும் நேரங்களுக்கு ஏற்ற வகை.

சில ஜெனரேட்டர் 3,000 ஆர்பிஎம், சில 1,500. எது நல்லது?

ரோட்டரில் இரண்டு காந்த முனை இருந்தால் 50 ஹெர்ட்ஸ், அதாவது செகண்டுக்கு 50 முறை, கிடைக்க நிமிடத்துக்கு 3,000 சுற்று (ஆர்பிஎம்) வேண்டும். நான்கு முனை என்றால் 1,500 போதும். கையில் தூக்கும் பெட்ரோல் பெட்டிகள் 3,000. அபார்ட்மென்ட், ஐஸ் ஃபேக்டரி டீசல் செட்டுகள் 1,500. தினமும் பல மணி நேரம் ஓட வேண்டியதென்றால் 1,500 வாங்குங்கள். சத்தம் குறையும், இன்ஜின் ஆயுள் நீளும்.

ஃப்ரீக்வென்சியை மீட்டரில் பாருங்கள். சாதாரண கவர்னர் (எரிபொருளைக் கூட்டிக் குறைத்து இன்ஜின் வேகத்தைப் பிடித்து வைப்பது) வைத்த செட்டில் லோடு இல்லாதபோது 51.5 அல்லது 52, முழு லோடில் 50-ஐ ஒட்டி இருந்தால் சரி. 48-க்குக் கீழே இறங்கினால் இன்ஜினால் அச்சைச் சுற்ற முடியவில்லை என்று அர்த்தம். டீசல் ஃபில்டர், ஏர் ஃபில்டர், அதிக லோடு, இந்த வரிசையில் தேடுங்கள்.

மோட்டார் போட்டதும் விளக்கு மங்கி, ஜெனரேட்டர் உறுமுகிறதே?

1 எச்பி தண்ணீர் மோட்டார் ஓடும்போது 5, 6 ஆம்பியர்தான் வாங்கும். கிளம்பும் நொடியில் 30 ஆம்பியர் வரை கேட்கும். அந்த நொடியில் ஸ்டேட்டர் ரோட்டரை இறுக்கிப் பிடிக்கிறது, அச்சு திடீரென்று கனக்கிறது, இன்ஜின் வேகம் சரிகிறது. காதில் விழும் ‘ஊம்ம்ம்’ என்ற சத்தம் கவர்னர் கூடுதல் டீசலைத் திறந்துவிடும் சத்தம். இரண்டு மூன்று நொடியில் மீண்டால் கவலை இல்லை. மீளாமல் விளக்கு மங்கலாகவே இருந்தால் உடனே மோட்டாரை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் அதன் காயில் கருகும்.

அதனால் பெரிய மோட்டாரை முதலில் கிளப்பி, அது வேகம் பிடித்த பிறகு மற்றவற்றைப் போட வேண்டும். காசிமேட்டு ஐஸ் ஃபேக்டரி கம்ப்ரசர் அளவுக்குப் பெரிய மோட்டார் என்றால் கிளம்பும் நொடியின் ஆம்பியரைக் குறைக்கும் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரோ சாஃப்ட் ஸ்டார்ட்டரோ கட்டாயம்.

எத்தனை கேவிஏ வாங்குவது?

கேவிஏவை 0.8-ஆல் பெருக்கினால் கிலோவாட். 62.5 கேவிஏ செட் 50 கிலோவாட் தரும். ஒரே நேரத்தில் ஓடும் எல்லாவற்றின் வாட்டையும் கூட்டுங்கள். அவற்றில் மிகப் பெரிய மோட்டாரை மட்டும் மூன்று மடங்காக எழுதிக்கொள்ளுங்கள். வரும் கிலோவாட்டை 0.8-ஆல் வகுத்தால் தேவையான கேவிஏ.

‘எதற்கும் இருக்கட்டும்’ என்று இரண்டு மடங்கு பெரிதாக வாங்குவதும் தவறு. டீசல் செட் 30 சதவீதத்துக்கும் குறைவான லோடில் நாள்கணக்கில் ஓடினால் இன்ஜின் முழுச் சூட்டுக்கு வராது. எரியாத டீசலும் கரியும் சைலன்சரில் கறுப்பு எண்ணெயாக ஒழுகும். அதைப் பார்த்தால் சில மணி நேரம் 70, 80 சதவீத லோடில் ஓட்டி எரித்துவிடுங்கள்.

ஒரு லிட்டர் டீசலுக்கு எத்தனை யூனிட்?

ஒரு லிட்டர் டீசலில் சுமார் 10 யூனிட் அளவுக்கு வெப்பம் இருக்கிறது. நல்ல 62.5 கேவிஏ செட் முக்கால் லோடில் 3.3 முதல் 3.5 யூனிட் தரும். சின்ன செட்டுகள் 2.5. டீசல் லிட்டர் 92 ரூபாய், கிடைப்பது 3 யூனிட் என்று வைத்துக்கொண்டால், ஒரு யூனிட் 30 ரூபாய்க்கு மேல் வரும். ஈபி கரன்ட் இருக்கும்போது ஜெனரேட்டர் ஓட்டுவது எந்தக் கணக்கிலும் கட்டுபடியாகாது.

இன்ஜின் ஓடுகிறது, கரன்ட் வரவில்லை. என்ன பார்ப்பது?

முதலில் பிரேக்கர் கீழே விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். பாதிப் பேருக்குப் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும்.

பிரேக்கர் சரி என்றால், எல்லா லோடையும் பிரித்துவிட்டு அவுட்புட்டில் மல்டிமீட்டரை ஏசியில் வையுங்கள். 230-க்குப் பதில் சில வோல்ட் மட்டும் காட்டினால் ரோட்டரில் மிச்சக் காந்தம் இருக்கிறது, ஆனால் அதற்கு டிசி போய்ச் சேரவில்லை. அந்த டிசியைக் கூட்டிக் குறைத்து வோல்டேஜைக் கட்டுக்குள் வைக்கும் ஏவிஆர் போயிருக்கலாம், டிசியை ரோட்டருக்குக் கொண்டுசேர்க்கும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம், ரோட்டர் காயில் அறுந்திருக்கலாம். இன்ஜினை நிறுத்தி, ஏவிஆரிலிருந்து பிரஷுக்குப் போகும் இரண்டு ஒயரையும் கழற்றி, பிரஷ்களுக்கு இடையே ஓம் அளந்து பாருங்கள். மேனுவலில் உள்ள அளவை ஒட்டி வந்தால் பிரஷும் காயிலும் நலம், சந்தேகம் ஏவிஆர் மேல். ஒன்றுமே காட்டாவிட்டால் பிரஷைக் கழற்றி, அது உரசும் ரோட்டர் வளையமான ஸ்லிப் ரிங்கிலேயே நேரடியாக அளக்க வேண்டும். அங்கே சரியாக வந்தால் பிரஷ்தான் குற்றவாளி. செலவு சொற்பம். அங்கேயும் வராவிட்டால் ரீவைண்டிங்.

மீட்டர் சுத்தமாகப் பூஜ்யம் காட்டினால், மாதக்கணக்கில் ஓட்டாமல் வைத்ததில் மிச்சக் காந்தம் இறங்கியிருக்கும். அந்தத் துளிக் காந்தம்தான் முதல் வோல்டேஜுக்கு விதை. அதைக் கொண்டு ஏவிஆர் காந்தத்தை வளர்க்கும், வளர்ந்த காந்தம் வோல்டேஜை வளர்க்கும். விதை இல்லாவிட்டால் ஒன்றும் முளைக்காது. இன்ஜினை நிறுத்துங்கள். ஏவிஆர் ஒயர்களைக் கழற்றிவிட்டு, பிரஷின் பிளஸுக்கு 12 வோல்ட் பேட்டரியின் பிளஸையும் மைனஸுக்கு மைனஸையும் மூன்று முதல் ஐந்து நொடி மட்டும் தொடவைத்து எடுங்கள். ஏவிஆரைத் திரும்ப மாட்டி, லோடு இல்லாமல் கிளப்பிப் பாருங்கள். ஏவிஆரைக் கழற்றாமல் பேட்டரியைத் தொட்டால் அதுவும் போய்விடும். பிரஷே இல்லாத கெபாசிட்டர் வகைப் பெட்டிகளுக்கு இந்த முறை பொருந்தாது. அவற்றில் முதலில் கெபாசிட்டரை மாற்றிப் பார்ப்பார்கள்.

இப்படி ஆகாமல் இருக்க, மாதம் ஒருமுறை 20 நிமிடமாவது லோடோடு ஓட்டுங்கள்.

கடற்காற்றுக்கு என்ன செய்வது?

காசிமேடு, ராயபுரம், எண்ணூர் பக்கம் டெர்மினலில் பச்சைப் பூஞ்சை போல் பூக்கும். அது செம்பு அரிப்பு. அரித்த இடம் இணைப்பில் சூடாகும், சூடு இன்னும் அரிக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை டெர்மினலைக் கழற்றித் தேய்த்து, இறுக்கி, வாஸ்லின் பூசுங்கள். சுருள்மேல் படியும் உப்பு, பனிக்காலத்து ஈரத்தை உறிஞ்சி இன்சுலேஷனைப் பலவீனமாக்கும். 415 வோல்ட் செட்டில், இன்சுலேஷனை அளக்கும் மீட்டரான 500 வோல்ட் மெக்கர் 1 மெகாஓமுக்குக் கீழே காட்டினால் ஓட்டவே கூடாது. எர்த் குழாயும் இந்த மண்ணில் வேகமாகத் துருவேறும். வருடம் ஒருமுறை அளந்து பாருங்கள்.

வெள்ளத்தில் மூழ்கிய செட்டை ஓட்டலாமா?

2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்துக்குப் பிறகு அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. காய்ந்துவிட்டதே என்று சாவியைத் திருப்பாதீர்கள். டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள்; எண்ணெய் பால்கலந்த டீ நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. எண்ணெய், டீசல், ஃபில்டர்கள் எல்லாம் மாற வேண்டும். ஆல்டர்னேட்டரை, அதாவது சுருள்கள் இருக்கும் பகுதியை, நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். கேட்கும்போது விசித்திரமாக இருக்கும், ஆனால் உப்பும் சேறும் போகாமல் காயவைத்தால் அவை உள்ளேயே தங்கிவிடும். பிறகு 60 முதல் 80 டிகிரி சூட்டில், மெக்கர் அளவு ஏறி நிலையாகும்வரை உலர்த்த வேண்டும். இது காயில் கட்டும் பட்டறையின் வேலை, வீட்டு ஹேர் டிரையர் போதாது.

ஜெனரேட்டர் ஒயரை வீட்டு பிளக்கில் சொருகினால் என்ன?

உயிர் போகும், பெரும்பாலும் உங்களுடையதல்ல. தெரு டிரான்ஸ்ஃபார்மர் 11,000 வோல்டை இறக்கித் தருகிறது. மறுபக்கமிருந்து 230 கொடுத்தால் அதே டிரான்ஸ்ஃபார்மர் அதை ஏற்றிவிடும். மழையில் கம்பத்தில் ஏறி, லைன் செத்துவிட்டது என்று நம்பிக் கம்பியில் கைவைக்கும் ஊழியருக்கு அது போய்ச் சேரும். அதற்குள் ஈபி வந்துவிட்டால் உங்கள் ஜெனரேட்டரும் எரியும். ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து மாற்றும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இல்லாமல் வீட்டு ஒயரிங்கில் இணைக்கவே இணைக்காதீர்கள்.

மழைக்குப் பால்கனியிலோ மாடிப்படிக்கு அடியிலோ வைத்து ஓட்டலாமா?

கூடாது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ஜன்னல் திறந்திருப்பது போதாது. தலைவலி, மயக்கம், குமட்டல் என்று தொடங்கி, தூங்குபவர்கள் எழாமலே போவார்கள். வீட்டுக்கு வெளியே, ஜன்னல் கதவுகளிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, புகைக்குழாய் வீட்டுக்கு எதிர்ப்பக்கம் பார்க்க வையுங்கள். மழைக்கு மேலே தகரக் கூரை போடலாம், நான்கு பக்கமும் அடைக்கக் கூடாது. வட சென்னைச் சந்துகளில் 20 அடி கிடைக்காது என்பது தெரியும். அப்படிப்பட்ட வீட்டுக்கு ஜெனரேட்டர் வேண்டாம். 150 ஆம்பியர்-ஹவர் பேட்டரியோடு ஓர் இன்வெர்ட்டர் போதும்; இரண்டு ஃபேன், நான்கு எல்இடி விளக்கு பல மணி நேரம் ஓடும்.